குறை எங்கே இருக்கிறது?

வாசிக்கும் முன்

உங்கள் வீட்டில் ஒரு மின்கருவி திடீரென்று சரியாக இயங்கவில்லை. அப்போது நீங்கள் முதலில் செய்வது என்ன? அதை அணைத்து மீண்டும் முடுக்குவீர்களா? யாரையாவது குறைசொல்வீர்களா? அல்லது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நேரம் கவனிப்பீர்களா? உங்கள் விடையை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் பகுதியை வாசியுங்கள்.

புதிதாக வந்த ஒலிபெருக்கிகள்

சிங்கப்பூரில் உள்ள ஒரு நாலறை வீவக வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே தாத்தா, அப்பா, அம்மா, உயர்நிலை மூன்றில் பயிலும் மகள், தொடக்கநிலை ஆறில் பயிலும் மகன் ஆகிய ஐவர் வாழ்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அனைவரும் ஒன்றாகத் திரைப்படம் பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். எந்தப் படம் என்பதைத் தாத்தாதான் முடிவு செய்வார்.

ஒருநாள் அப்பா கம்பியில்லா ஒலிபெருக்கிகளை வாங்கி வந்தார். தொலைக்காட்சியின் கீழே சவுண்ட்பார் எனப்படும் நீளமான ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. சோபாவுக்குப் பின்னால் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் நின்றன. இடியோசை போன்ற ஆழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர் ஒரு மூலையில் இடம்பிடித்தது. சமைத்துக்கொண்டே வசனத்தைக் கேட்க விரும்பிய அம்மாவுக்காகச் சமையலறையிலும் ஓர் ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. இவை யாவும் கைபேசிச் செயலியின் மூலம் ஒரே குழுவாக இணைக்கப்பட்டன.

முதல் வாரம் வீடே திரையரங்காக மாறிவிட்டது போலிருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து குறைகள் தலைகாட்டின. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்புற ஒலிபெருக்கிகள் விட்டுவிட்டு ஒலித்தன. அப்பாவின் கைபேசியில் சமையலறை ஒலிபெருக்கியின் பெயர் அவ்வப்போது காணாமற்போனது. பழைய படங்களைப் பார்க்கும்போது பின்னாலிருந்து ஒலி வருவதே இல்லை என்று மகன் முணுமுணுத்தான். தாத்தாவோ, “ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கிறது. வாய் அசைந்த பிறகுதான் குரல் வருகிறது,” என்றார்.

மற்றவர்கள் சோபாவில் அமர்ந்து கவனித்துப் பார்த்தனர். உதட்டசைவும் குரலும் ஒன்றாகவே இருந்தன. “அப்பா, உங்களுக்கு வயதாகிவிட்டது. காதைப் பரிசோதித்துப் பார்க்கலாம்,” என்றார் மகளின் தந்தை. தாத்தா மறுமொழி கூறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தமது அறையிலேயே இருந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் வெளியே வரவில்லை.

“இந்தப் பெட்டிகளே வேண்டாம். எடுத்து ஓரமாகப் போட்டுவிடலாம்,” என்று அப்பா சலித்துக்கொண்டார். மகள் மட்டும், “எனக்கு ஒரு வாரம் நேரம் கொடுங்கள், அப்பா,” என்று கேட்டாள்.

நான்கு கேள்விகள்

நோயின் காரணத்தை அறிந்த பிறகே மருத்துவம் செய்யவேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வழங்கும் அறிவுரை. அது கருவிகளுக்கும் பொருந்தும். காரணம் தெரியாமல் பல பொத்தான்களை அழுத்தினால் குறை தற்செயலாக நீங்கலாம். ஆனால், எதனால் நீங்கியது என்பது தெரியாது. அதே குறை திரும்பி வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே தடுமாற வேண்டியிருக்கும்.

மகள் ஒரு குறிப்பேட்டை எடுத்தாள். ஒவ்வொரு குறைக்கும் நான்கு கேள்விகளை எழுதினாள். எப்போது நிகழ்கிறது? எந்த ஒலிபெருக்கியில் நிகழ்கிறது? யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை? அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன நடக்கிறது?

அறிவியல் பாடத்தில் கற்ற ஒரு விதியையும் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்று கூற இயலாது.

ஏழரை மணியின் மர்மம்

விட்டுவிட்டு ஒலிக்கும் குறையைத்தான் அவள் முதலில் ஆராய்ந்தாள். மூன்று நாள் குறிப்புகளைப் பார்த்தபோது, ஒலி பெரும்பாலும் இரவு ஏழரை மணியளவில் அறுபட்டது தெரிந்தது. ‘வேறு என்ன நடக்கிறது?’ என்ற கேள்விக்கு எதிரே மூன்று நாளும் ஒரே விடைதான் இருந்தது: அம்மா நுண்ணலை அடுப்பில் குழம்பைச் சூடாக்குகிறார்.

இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. எனவே, அவள் ஒரு சோதனை செய்தாள். மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குப் பாடலை ஒலிக்கவிட்டு, நுண்ணலை அடுப்பில் ஒரு கோப்பைத் தண்ணீரை இரண்டு நிமிடம் சூடாக்கினாள். ஒலி அறுபட்டது. அடுப்பை நிறுத்தியதும் சீரானது. மீண்டும் முடுக்கியபோது மீண்டும் அறுபட்டது.

இதற்குக் காரணம் உண்டு. நுண்ணலை அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. வைஃபை பயன்படுத்தும் அலைக்கற்றைகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அடுப்பின் உலோக உறை அலைகளை உள்ளேயே தடுத்துவிடுகிறது. எனினும், பாதுகாப்பு வரம்புக்குட்பட்ட மிகச் சிறிதளவு அலை கசிவதுண்டு. அது உடலுக்குத் தீங்கு செய்யும் அளவன்று. ஆனால், வலுவிழந்த வைஃபை அலையைக் குழப்ப அது போதும்.

அப்படியானால் அந்த வீட்டில் வைஃபை அலை வலுவிழந்தது ஏன்? விடை வாசலருகே இருந்தது. வைஃபை அலையைப் பரப்பும் திசைவி, பலரும் ‘பாம்ப் ஷெல்டர்’ என்று அழைக்கும் பாதுகாப்பு அறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. 1998ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் இத்தகைய பாதுகாப்பு இடம் சட்டப்படி கட்டாயமானது. அதன் சுவர்கள் இரும்புக் கம்பிகள் செறிந்த தடித்த கான்கிரீட்டால் ஆனவை. கதவு எஃகால் ஆனது. வெடிப்பின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட அறை, வைஃபை அலையையும் பெருமளவில் தடுத்துவிடுகிறது. பொருள்களை அடுக்கிவைக்கப் பயன்படும் அறை என்பதால் திசைவியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

சுவரில் எந்தத் துளையும் போடாமல், சற்று நீளமான கம்பியைப் பயன்படுத்தித் திசைவியை வரவேற்பறை அலமாரியின்மேல் கொண்டுவந்து வைத்தனர். மகள் வேறு எதையும் மாற்றவில்லை. அன்றிரவு ஏழரை மணிக்குக் குழம்பு சூடானது. ஒலி அறுபடவில்லை.

அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாரின் வைஃபை அலைகளும் ஒன்றோடொன்று மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் பல தடங்கள் இருந்தாலும், 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள்தாம் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்று பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நெரிசல் குறைவு. ஆனால், சுவரைக் கடக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. மீன் தொட்டியும் பெரிய நிலைக்கண்ணாடியும்கூட அலைகளுக்குத் தடையாகலாம். ஆகவே, விலையுயர்ந்த புதிய கருவியைத் தேடுவதற்கு முன்னர், இருக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

காணாமற்போன பெயர்

அடுத்தது சமையலறை ஒலிபெருக்கி. அப்பாவின் கைபேசியில் அதன் பெயர் தெரியாத நேரத்தில், மகள் அம்மாவின் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அதில் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

இந்த ஒரு வேறுபாடே பாதி விடையைத் தந்துவிட்டது. ஒரே நேரத்தில் ஒரு கைபேசிக்குத் தெரியும் ஒலிபெருக்கி மற்றொரு கைபேசிக்குத் தெரியவில்லை என்றால், குறை ஒலிபெருக்கியில் இல்லை. அவள் இரு கைபேசிகளின் அமைப்புகளையும் ஒப்பிட்டாள். அம்மாவின் கைபேசி வீட்டின் முதன்மை வைஃபையில் இருந்தது. அப்பாவின் கைபேசியோ, முன்பொருமுறை விருந்தினருக்காக உருவாக்கிய தனி வைஃபையில் இணைந்திருந்தது. விருந்தினர் இணைப்பில் இருப்பவர்கள் வீட்டுக் கருவிகளை அணுக முடியாதபடி பல திசைவிகள் தடுத்துவிடுகின்றன. அது குறையன்று, பாதுகாப்பு ஏற்பாடு. அப்பா தமது கைபேசியை முதன்மை இணைப்புக்கு மாற்றியதும் ‘காணாமற்போன’ பெயர் திரும்பி வந்தது.

குறையே இல்லாத குறை

மகனின் முணுமுணுப்புக்கு விடை காண ஒலியின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். தொடக்ககாலப் பேசும் படங்களில் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் பதிவானது. திரையின் வலக்கோடியில் நிற்பவர் பேசினாலும் குரல் அங்கிருந்து வராது. இந்தப் பொருத்தமின்மையைப் போக்க முனைந்தவர்களுள் ஒருவர் அலன் புளூம்லைன் என்னும் பிரிட்டிஷ் பொறியாளர். பேசுபவர் இருக்கும் திசையிலிருந்தே குரல் வருவதுபோல் தோன்றச் செய்யும் இருதட ஒலிமுறைக்கு 1931ஆம் ஆண்டு அவர் காப்புரிமை கோரினார். 1940இல் வெளிவந்த ‘ஃபான்டேசியா’ என்ற அசைவூட்டப் படம், பல தடங்களில் பதிவுசெய்த ஒலியைத் திரையரங்குகளில் கேட்கச் செய்தது. இன்று பரவலாக உள்ள 5.1 முறையில் முன்புறம் மூன்று, பின்புறம் அல்லது பக்கவாட்டில் இரண்டு, ஆழ்ந்த ஒலிக்கு ஒன்று என ஆறு தடங்கள் உள்ளன.

ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய படத்தில், பின்புற ஒலிபெருக்கிக்கு என்று தனி ஒலி எதுவும் இல்லை. செய்தி நிகழ்ச்சிகள் பலவும் அவ்வாறே. பதிவில் இல்லாத ஒலியை ஒலிபெருக்கி எங்கிருந்து கொடுக்கும்? மகள் செயலியில் உள்ள சோதனை ஒலியை ஒவ்வொரு பெட்டியிலும் ஒலிக்கச் செய்தாள். பின்புறப் பெட்டிகள் இரண்டும் நன்றாகவே ஒலித்தன.

ஆறு தடங்களில் பதிவான புதிய படத்திலும் பின்புறம் அமைதியாக இருந்தால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பைப் பார்க்க வேண்டும். சில அமைப்புகளில் தொலைக்காட்சி ஆறு தடங்களையும் இரண்டாகச் சுருக்கி அனுப்பிவிடும். இணைப்புக் கம்பி சரியான துளையில் செருகப்பட்டுள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சியின் பின்னால் ஒரே மாதிரியான எச்டிஎம்ஐ துளைகள் பல இருந்தாலும், சவுண்ட்பாருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் துளை பெரும்பாலும் ஒன்றுதான். அதன் அருகே ‘ஏஆர்சி’ என்ற எழுத்துகள் காணப்படும்.

தாத்தாவின் நாற்காலி

குறிப்பேட்டில் ஒரு பக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. அதில் ‘யாருக்குத் தெரிகிறது?’ என்ற இடத்தில் ‘தாத்தா’ என்றும், ‘யாருக்குத் தெரியவில்லை?’ என்ற இடத்தில் ‘மற்ற நால்வர்’ என்றும் எழுதியிருந்தாள். நால்வருக்கும் தாத்தாவுக்கும் உள்ள வேறுபாடு வயது மட்டும்தானா? அவள் தாத்தாவின் அறைக்குச் சென்றாள்.

“தாத்தா, படம் பார்க்கும்போது நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?”

“சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில்தான், அம்மா. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி வலிக்கிறது.”

மகள் தொலைக்காட்சியில் செய்தியை வைத்துவிட்டு, சமையலறை வாசலை ஒட்டியிருந்த அந்த மர நாற்காலியில் போய் அமர்ந்தாள். செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. முன்னாலிருந்து ஒருமுறை கேட்டது. அடுத்த கணம் சமையலறையிலிருந்து மறுமுறை கேட்டது. அருகில் இருந்ததால் இரண்டாவது குரலே உரக்க ஒலித்தது. அதனால், வாய் அசைந்த பிறகு குரல் வருவதாகவே தோன்றியது.

அவள் சமையலறை ஒலிபெருக்கியைக் குழுவிலிருந்து விலக்கினாள். குரல் ஒன்றானது. மீண்டும் சேர்த்தாள். குரல் இரண்டானது.

கம்பியில்லா ஒலிபெருக்கிகள் ஒன்றாக இசைப்பதற்கு ஒரு வழிமுறை உண்டு. எல்லாப் பெட்டிகளும் தங்கள் கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்துகொள்கின்றன. வந்த ஒலியை உடனே வெளியிடாமல் சிறிது நேரம் சேமித்து வைத்து, குறித்த கணத்தில் ஒருசேர வெளியிடுகின்றன. பாடலுக்கு இந்தத் தாமதத்தால் தொல்லையில்லை. ஆனால், படக் காட்சி காத்திருக்காது. எனவே, சில கருவிகளில் தொலைக்காட்சியோடு இணைந்த ஒலிபெருக்கிகள் காட்சியோடு ஒட்டியே ஒலிக்கும். மற்ற அறைகளில் உள்ளவை சற்றுப் பின்தங்கி ஒலிக்கும்.

சிறு தாமதத்தை மனிதக் காது பொறுத்துக்கொள்ளும். ஒரே ஒலி ஏறத்தாழ 30 மில்லிவிநாடிக்குள் இரண்டு திசைகளிலிருந்து வந்தால், மூளை அதை ஒரே ஒலியாக ஏற்றுக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1949ஆம் ஆண்டு இதனை விரிவாக ஆராய்ந்தார். அந்த அளவை மிகவும் தாண்டும்போது பேச்சு குழம்பி, எதிரொலிபோல் கேட்கத் தொடங்கும். சிங்கப்பூரின் வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. அதாவது மூன்றரை மீட்டரைக் கடக்க 10 மில்லிவிநாடி ஆகும். ஆகவே, கருவியின் தாமதத்தோடு நாம் அமரும் இடமும் சேர்ந்துதான் நாம் கேட்பதை முடிவு செய்கிறது. சோபாவில் இருந்தவர்களுக்குச் சமையலறைக் குரல் மங்கலாகவே எட்டியது. தாத்தாவின் காதருகே அது முழுமையாக ஒலித்தது.

அவர் கூறியது ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மீண்டும் ஒரு ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த பிறகே படத்தைத் தொடங்குவதென்று அம்மா முடிவு செய்தார். அதனால் சமையலறை ஒலிபெருக்கிக்கு வேலையில்லாமல் போயிற்று. மகன் மர நாற்காலியைச் சோபாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டான். வசனத்தைத் தெளிவாக்கும் அமைப்பை மகள் முடுக்கினாள்.

அப்பா தாத்தாவின் அறைக் கதவருகே சென்று நின்றார். “அப்பா, நீங்கள் முதல் நாளே சரியாகச் சொன்னீர்கள். நாங்கள்தாம் கேட்கவில்லை. வாருங்கள்,” என்றார்.

தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி எழுந்து வந்தார். “காதைப் பரிசோதிக்கும் நாள் என்றைக்கு?” என்று புன்னகையுடன் கேட்டார். “அதையும் செய்துகொள்வோம். எல்லாரும் சேர்ந்தே போவோம்,” என்றார் அப்பா.

நினைவில் கொள்ள வேண்டியவை

குறை தோன்றியவுடன் மின் இணைப்பையும் கம்பிகளையும் முதலில் பார்க்க வேண்டும். கைபேசியும் ஒலிபெருக்கிகளும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்று உறுதிசெய்ய வேண்டும். கருவிகளை மீண்டும் முடுக்குவதாக இருந்தால், முதலில் திசைவியையும் அது சீரான பிறகு ஒலிபெருக்கிகளையும் முடுக்குவது நல்லது. எல்லா அமைப்புகளையும் அழித்துத் தொடக்கநிலைக்குக் கொண்டுசெல்வதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், அது குறையின் தடயங்களையும் சேர்த்து அழித்துவிடும். கருவி அளவுக்கு மீறிச் சூடானாலோ கருகிய வாடை வந்தாலோ உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அதைத் திறந்து பார்க்காமல் தகுதிபெற்ற பழுதுபார்ப்பவரை நாட வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. பழுதில்லாத கருவி ஒன்று பழுதானதாகக் கருதப்பட்டுக் குப்பைக்குப் போகாமல் காப்பதற்கு, ஒரு குறிப்பேடும் ஒரு வாரப் பொறுமையும் போதுமானவையாக இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

திசைவி – இணைய இணைப்பை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவி
அலைக்கற்றை – குறிப்பிட்ட அதிர்வெண்களுக்கு இடைப்பட்ட அலைகளின் தொகுப்பு
தடம் – ஒலி அல்லது அலை செல்வதற்கென ஒதுக்கப்பட்ட தனி வழி
மில்லிவிநாடி – ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு
செறிந்த – நெருக்கமாக நிறைந்த

கருத்தறிதல்

1. ஒலி அறுபடுவதற்கு நுண்ணலை அடுப்பே காரணம் என்பதை மகள் எவ்வாறு உறுதிப்படுத்தினாள்? குறிப்புகளோடு நிறுத்திக்கொள்ளாமல் அவள் சோதனையும் செய்தது ஏன்?
2. சமையலறை ஒலிபெருக்கியில் குறையில்லை என்ற முடிவுக்கு அவள் எப்படி வந்தாள்?
3. ‘குறையே இல்லாத குறை’ என்னும் தலைப்பு அப்பகுதிக்கு எவ்வாறு பொருந்துகிறது?
4. தாத்தா தமது அறையிலேயே இருந்துவிட்டதற்குக் காரணம் ஒலியில் ஏற்பட்ட குறை மட்டும்தானா? உங்கள் கருத்தைச் சான்றுடன் விளக்குக.
5. உங்கள் வீட்டில் அல்லது பள்ளியில் சரியாக இயங்காத ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். இப்பகுதியில் உள்ள நான்கு கேள்விகளைப் பயன்படுத்தி மூன்று நாள்களுக்குக் குறிப்பெழுதி, வகுப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.